சம்மனுக்குப் பேரம் உண்டா?

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றின் சமூக மண்டபத்தில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தில் நான் முன்னர் பேசிய பொருள்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். கூட்டுறவுச் சேமிப்பைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைப் பற்றிப் பேசினேன். கொசுவை ஒழிப்பதைப் பற்றியும் பேசினேன். இன்று சிங்கப்பூர்ச் சாலைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "பால்மரக் காட்டில் சைகை விளக்கு ஏது, சார்?" என்று கேட்டுச் சிரித்தார். நியாயமான கேள்விதான்.

ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு நம் லயத்து வாசலில் நின்று பாருங்கள். முன்னாட்களில் அந்த நேரத்தில் நெற்றி விளக்குடன் பால் வெட்டப் புறப்படுவோரின் வெளிச்சம் மட்டுமே தெரியும். இப்பொழுது அதனினும் முன்பாகவே மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையாகச் சாலையை நோக்கிச் செல்கின்றன. அவை உங்கள் பிள்ளைகளின் விளக்குகள். கடற்பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி, சிங்கப்பூரில் வேன் ஓட்டவும், லாரி ஓட்டவும், சரக்கு விநியோகம் செய்யவும் அவர்கள் செல்கின்றனர். அவர்களுக்குக் கத்தியும் வாளியும் இல்லை. ஓட்டுநர் உரிமமே அவர்களுடைய கத்தி. அது பறிபோனால் அந்த மாதமே இங்கே அடுப்பு மெலிந்துவிடும். ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் போய் வந்தவர்கள் இங்கே பலர் உள்ளனர். தேக்கா சந்தையில் மீன் விலையைக் கேட்டவுடன் ஒப்புக்கொண்டு பணத்தை நீட்டுபவரை மீன்காரரே வியப்புடன் பார்ப்பார். புடைவைக் கடையில் பேரம், பூக்கடையில் பேரம், நகைக்கடையில் செய்கூலிக்குப் பேரம். பேரம் பேசுவது நம்மவர் வழக்கம். அதில் இழுக்கு எதுவும் இல்லை. இதே வழக்கத்தைப் போக்குவரத்துச் சம்மனுக்கும் கொண்டு செல்லலாமா என்பதுதான் நம் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. "சிவப்பு விளக்கைத் தாண்டியதாக எழுதிவிட்டார்கள், அதைச் சிறிய குற்றமாக மாற்றி, புள்ளி விழாமல் செய்ய வழி உண்டா?" என்கின்றனர்.

இக்கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அபராதத் தொகையைக் குறைப்பது ஒன்று. குற்றச்சாட்டையே சிறியதாக மாற்றுவது இன்னொன்று. குற்றப் புள்ளியைக் குறைப்பது வேறொன்று. நம்மவர் இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் குழப்பம் பிறக்கிறது.

தொகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பல ஆண்டுகளாகச் சம்மன்களுக்குக் கழிவு அறிவிக்கும் வழக்கம் இருந்தது. சம்மனைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, எப்பொழுது பாதி விலை வரும் என்று பண்டிகைத் துணிக்குக் காத்திருப்பதைப் போலக் காத்திருந்தோம். 2026 ஜனவரி 1 முதல் அம்முறை மாறியது. கழிவுக்கு உரிய சம்மன்களை முதல் 15 நாட்களுக்குள் செலுத்தினால் பாதித் தொகை. 16 முதல் 30 நாட்களுக்குள் செலுத்தினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு. அதற்குப் பிறகு முழுத் தொகை என்று ஆனது. காத்திருப்பவருக்கு இருந்த இலாபம் விரைந்து செலுத்துபவருக்குப் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரிலோ இத்தகைய கழிவுக் காலத்தை எதிர்பார்த்திருப்பதில் பயன் எதுவும் இல்லை. குறித்த நாளுக்குள் செலுத்தாவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குச் செல்லும். நம் நாட்டு எண் பலகை கொண்ட வாகனத்தின்மீது அபராதம் நிலுவையில் இருந்தால், சோதனைச் சாவடியிலேயே அது திருப்பி அனுப்பப்படலாம். காலை ஆறு மணிக்குச் சாவடியில் நின்று, வேலைக்குப் போக முடியாமல் திரும்பி வருவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் ஓட்டுநர் குற்றப் புள்ளி முறை 1983-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒருவர் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டால், முதல் முறையாயின் 12 வாரங்களுக்கு அவருடைய உரிமம் நிறுத்தி வைக்கப்படும். அடுத்தடுத்த முறைகளுக்குக் காலம் நீண்டுகொண்டே போகும். ஓராண்டோ அதற்கு மேலோ நிறுத்தப்பட்டால் உரிமமே செல்லாது. மறுபடி தேர்வெழுதித்தான் பெற வேண்டும். புதிதாக உரிமம் பெற்றவருக்கு விதி இன்னும் கடுமையானது. முதல் ஓராண்டுக்குள் 13 புள்ளி சேர்ந்தால் உரிமம் இரத்தாகிவிடும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். கணக்கு என்றால் கரும்பலகையைத் தேடுவேன். பலகை இல்லாததால் விரலை மடக்கிக் கணக்கிடுவோம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளி. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினாலும் 12 புள்ளி. ஆக, இரண்டே தவறுகள் 24-ஐ நிரப்பிவிடும். புதிய ஓட்டுநருக்கு ஒரே ஒரு சிவப்பு விளக்கு போதும். அதன் பிறகு அவர் விளிம்பிலிருந்து ஒரே புள்ளி தூரத்தில் நிற்கிறார். வேக வரம்பை 20 கிலோமீட்டர் வரை மீறியவருக்கு முன்னர் 4 புள்ளி விழுந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது 6 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு ஆறு முறை மீறினால் வந்த ஆபத்து, இப்பொழுது நான்கு முறையில் வந்துவிடும். "சிறிய மீறல்தானே" என்று சொல்லும் இளைஞர்கள் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தியும் இதே விதிகளுக்குள் இருக்கிறது. கடைசித் தவறுக்குப் பின் 12 மாதங்கள் புள்ளிக்குரிய குற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டினால், சேர்ந்திருந்த புள்ளிகள் அழிக்கப்படும். மேலும், உச்ச வரம்பில் பாதியையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் பாதுகாப்பாக ஓட்டுதல் பற்றிய வகுப்பு ஒன்றில் தாமாகவே சேர்ந்து தேறினால், 4 புள்ளிகள் கழிக்கப்படும். இந்த வகுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதை மறந்துவிடாதீர்கள்.

வாகனம் நிறுத்துவதைப் பற்றி ஒரு சொல். தேக்காவுக்குக் காய்கறி இறக்கச் செல்லும் வேன் ஓட்டுநர்கள், பஃப்ளோ சாலைப் பக்கம் நிறுத்துமிடக் கட்டணம் கட்டாமல் விட்டதற்கு வந்த அபராதத்தைக் கண்டு, "புள்ளி விழுந்துவிட்டதே" என்று கலங்குகின்றனர். கட்டணம் செலுத்தாத குற்றத்துக்குப் பணம்தான் போகும், புள்ளி விழாது. பிறருக்கு ஆபத்து விளைவிக்கும்படி நிறுத்துவது வேறு.

இந்த வேறுபாட்டை அறிந்துகொண்ட ஓர் இளைஞர் என்னிடம் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்: "அமெரிக்காவில் வேகக் குற்றத்தை வாகனம் நிறுத்திய குற்றமாக மாற்றித் தருகிறார்களாமே, சார்? நாமும் அப்படிக் கேட்டால் என்ன?" அவர் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் நீதிமன்றங்களில் இவ்வாறான உடன்பாடு சாதாரணமாக நடக்கிறது. வழக்கறிஞர் அரசுத் தரப்புடன் பேசுவார், வேகம் என்பது வாகனம் நிறுத்தியதாக மாறும், புள்ளி தப்பும், ஊருக்கு அபராதப் பணம் கிடைக்கும். ஆனால் அதே மாநிலத்து நியூயார்க் நகரத்தில் இதற்கு இடமே இல்லை. அங்கே இவ்வழக்குகளை விசாரிக்கும் தனிப்பிரிவு, குற்றம் செய்தாரா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும்; பேரத்தை ஏற்காது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்பொழுது, அமெரிக்கக் கதையை நம்பிச் சிங்கப்பூரில் நடக்க முடியுமா? சிவப்பு விளக்கைத் தாண்டிய படம் கையில் இருக்கும்பொழுது, "வண்டியை நிறுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றால், சிங்கப்பூரில் எவரும் எழுதமாட்டார். தனிப்பட்ட முறையில் எனக்கும் அந்த அமெரிக்க வழக்கம் பிடிக்கவில்லை. ஓடிய வண்டியை நின்ற வண்டி என்று எல்லாரும் தெரிந்தே எழுதுவது என்ன நியாயம்?

அப்படியானால் குற்றச்சாட்டைக் குறைக்கவே முடியாதா? முடியும். ஆனால் உண்மை இடம் கொடுக்கும் அளவுக்கே முடியும். இது உங்களுக்கு எளிதில் விளங்கும். பால்மரத்தில் கத்தி சற்று வழுக்கிப் பட்டையில் காயம் விழுவதுண்டு. அவசரத்தில் கண்மண் தெரியாமல் ஆழ வெட்டி, மரத்தையே பாழாக்குவதும் உண்டு. இரண்டும் காயம்தான். ஆனாலும் அனுபவமுள்ள மண்டோர் வெட்டைத் தடவிப் பார்த்தே எது கைதவறியது, எது பொறுப்பற்று வெட்டியது என்று சொல்லிவிடுவார். சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் இப்படி இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று அபாயகரமாக ஓட்டுதல். மற்றொன்று கவனமின்றி ஓட்டுதல். எவருக்கும் காயமில்லாத முதல் குற்றமாயின், அபாயகரமாக ஓட்டியதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கவனமின்மைக்கு 1,500 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உயிர் போயிருந்தால் முன்னதற்குச் சிறை 8 ஆண்டு வரை. பின்னதற்கு 3 ஆண்டு வரை. பெயர் மாறினால் ஒரு குடும்பத்தின் கதியே மாறிவிடும் என்பதை இதனால் அறியலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர், "என் செயல் இந்தப் பெரிய பெயருக்குள் வராது, சிறிய பெயருக்குள்தான் வரும்" என்று காரணங்களையும் ஆதாரங்களையும் இணைத்து, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு முறையீடு எழுதலாம். வழக்கறிஞர் வைத்திருப்போர் அவர் வழியே எழுதுவர். வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு அதைப் படித்து, குற்றச்சாட்டைக் குறைக்கலாம். கைவிட்டு எச்சரிக்கையுடன் முடிக்கலாம். அல்லது மாற்றமில்லை என்று பதில் எழுதலாம். இது சட்டத்தின் முன்வாசல். இங்கே விலைபேச எதுவும் இல்லை. நடந்ததைச் சரியாக எடுத்துச் சொல்லவே இடம் உண்டு. வண்டியில் பொருத்திய ஒளிப்பதிவுக் கருவியின் படம், சாலை ஈரமாக இருந்ததைக் காட்டும் நிழற்படம், பக்கத்தில் வந்தவரின் சாட்சியம் ஆகியவைதான் இங்கே பேசும். கண்ணீர் அதிகம் பேசாது.

இதெல்லாம் நீதிமன்றத்துக்குப் போகும் பெரிய விவகாரங்களுக்கு. அன்றாடம் வரும் சம்மன்கள் நீதிமன்றம் செல்லாமலே தீருகிற வகையைச் சேர்ந்தவை. நாம் கொம்பாவுன் என்கிறோமே, அதுதான். அதைச் செலுத்தினால் வழக்கு முடிந்தது. ஆனால் புள்ளி பதிவாகிவிடும். "பணம் கட்டிவிட்டேனே, பிறகு ஏன் புள்ளி?" என்று கேட்போர் இதைக் கவனிக்க வேண்டும். பணம் நீதிமன்றத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமே, புள்ளியைத் துடைப்பதற்கன்று. உண்மையாகவே குற்றம் செய்யவில்லை என்றால், செலுத்துமுன் போக்குவரத்துக் காவல்துறைக்கு மேல்முறையீடு எழுத வேண்டும். அவசர ஊர்திக்கு வழிவிடுவதற்காகக் கோட்டைத் தாண்டியவர், அதற்கான படத்தைக் காட்டினால் அது கவனிக்கப்படும். "கேமரா இருந்தது தெரியாது," "அவசரமாக இருந்தேன்," "நான் ஏழை" என்பவை குற்றம் நடக்கவில்லை என்று காட்டுபவை அல்ல. ஏழ்மையைக் கூறி, நீதிமன்றத்தில் அபராதத்தைத் தவணையாகச் செலுத்த அனுமதி கேட்கலாம், அது வேறு.

இப்பொழுது ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேன் ஓட்டுகிறார். வேலைக்காகச் சிங்கப்பூர் உரிமம் பெற்றவர். தினமும் கடற்பாலத்தைக் கடப்பதற்கு அப்பாவின் பெயரில் உள்ள மோட்டார் சைக்கிளையே பயன்படுத்தினார். ஒரு நாள் மாலை அப்பெரியவர் என் அலுவலகத்துக்கு ஒரு தாளுடன் வந்தார். சிங்கப்பூரில் காலை வேளையில் அந்த மோட்டார் சைக்கிள் சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறது. அப்பொழுது ஓட்டியவர் யார் என்பதை வாகன உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். மகனுக்கு முன்பே 12 புள்ளி இருந்தது. சிராங்கூன் சாலையில் வேன் ஊர்ந்துகொண்டிருந்தபொழுது கைத்தொலைபேசியை எடுத்ததால் வந்தது அது. இன்னொரு 12 சேர்ந்தால் உரிமம் நின்றுவிடும்.

"நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுங்கள், சார்," என்றார் பெரியவர். "எனக்குச் சிங்கப்பூரில் என்ன வேலை? அந்தப் புள்ளி என் தலையில் விழுந்தால் என்ன கெட்டுவிடும்? பையன் பிழைக்க வேண்டும்."

அவரை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தேன். பிறகு, "ஐயா, கடைசியாக நீங்கள் சிங்கப்பூருக்குப் போனது எப்பொழுது?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "பேத்தி பிறந்த வருஷம். அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டே புதுப்பிக்கவில்லையே," என்றார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னதன் பொருள் அவருக்கே விளங்கியது. சோதனைச் சாவடியில் ஒவ்வொருவரின் வருகையும் பதிவாகிறது. நாட்டுக்குள்ளேயே வராத ஒருவர் அந்நாட்டுச் சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஓட்டியவர் யார் என்பதில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பவருக்குச் சிங்கப்பூரில் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பன்னிரண்டு வார நிறுத்தத்துக்குப் பயந்து, தந்தையும் மகனும் சேர்ந்து சிறை வாசலுக்குப் போக இருந்தனர்.

இப்படிப் பிறர் தலையில் புள்ளியை ஏற்றுவது ஏழைகள் மட்டுமே செய்யும் காரியம் அன்று. சிங்கப்பூரில் பெயர் பெற்ற அழகுச் சிகிச்சை மருத்துவர் ஒருவர், 2005-இலும் 2006-இலும் நடந்த இரண்டு வேகக் குற்றங்களுக்கு, தம்மிடம் வேலை பார்த்த முதியவரே ஓட்டியதாகத் தகவல் கொடுக்க வைத்தார். இது வெளிப்பட்டு, 2012 ஜூன் மாதத்தில் அவருக்கு 1,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. "பணக்காரனுக்கு இவ்வளவுதானா?" என்று மக்கள் கொதித்தனர். நீதியின் போக்கைத் தடுப்பதற்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டப்பிரிவு 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குற்றம் அதற்கு முன்னர் நடந்தது என்று தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் விளக்கம் தர நேர்ந்தது. அன்று 1,000 வெள்ளியோடு போயிற்று. இன்று அதே செயலைச் செய்பவருக்கு அந்த 2008-ஆம் ஆண்டுப் பிரிவு காத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் இதனினும் பெரிய விவகாரம் நடந்தது. கிறிஸ் ஹூன் என்ற அரசியல்வாதி 2003-இல் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிப் பிடிபட்டபொழுது, தம் மனைவி விக்கி பிரைஸ் ஓட்டியதாகச் சொல்ல வைத்துத் தம் உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அதே ஆண்டிலேயே கைத்தொலைபேசியுடன் ஓட்டிப் பிடிபட்டு, அந்த உரிமத்தை இழந்தார் என்பது வேடிக்கை. பின்னாளில் அவர் அமைச்சரானார். கணவன் மனைவி பிரிந்த பிறகு உண்மை வெளிப்பட்டது. 2013 மார்ச் மாதத்தில் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அமைச்சர் பதவியும் நாடாளுமன்றப் பதவியும் முன்பே போய்விட்டன. எல்லாம் ஒரு வேகக் குற்றத்தின் புள்ளிகளுக்காக! நம் பெரியவரிடம் இக்கதையைச் சொன்னபொழுது, "பெண்டாட்டியையே மாட்டிவிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

காப்பிக் காசைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சாலையோரத்தில் அதிகாரியிடம் பணத்தை மடித்து நீட்டிக் காரியத்தை முடிக்கலாம் என்று எவரேனும் உங்கள் பிள்ளைக்கு யோசனை சொன்னால், அவர் நண்பர் அல்லர். சிங்கப்பூரின் இலஞ்ச ஒழிப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. புலனாய்வுப் பிரிவு அதற்கும் முன்பே, 1952-இல் அமைக்கப்பட்டது. இலஞ்சம் கொடுக்க முன்வருவதே குற்றம். ஒரு இலட்சம் வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் அதற்கு உண்டு. அதிகாரி வாங்கவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது.

பெரியவரின் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். தந்தை உண்மையான பெயரைத் தெரிவித்தார். மகன், விளக்கு மஞ்சளாக இருந்ததாக மேல்முறையீடு செய்து பார்த்தார், பலன் இல்லை. 24 புள்ளி நிறைந்தது. 12 வாரம் உரிமம் நின்றது. நிறுவனத்தார் நல்லவர்கள், அவரை வேலையிலிருந்து நீக்காமல், கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலைக்கு மாற்றினர். சம்பளம் குறைந்தது. மோட்டார் சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டுப் பேருந்தில் போய் வந்தார். அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். உரிமம் நிறுத்தப்பட்ட காலத்தில் சிங்கப்பூரில் வண்டியை எடுத்தால், 10,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எனக்கு அந்த 12 வாரத்தைவிட அதிக வேதனை அளித்தது வேறொன்று. தாள்களை விரித்துப் பார்த்தபொழுது, முதல் குற்றத்துக்கும் இரண்டாவது குற்றத்துக்கும் இடையே பத்து மாதம் கழிந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் தவறின்றி ஓட்டியிருந்தால் முதல் 12 புள்ளியும் அழிந்திருக்கும். அதுவும் போகட்டும். மறந்துவிடாதீர்கள் என்று சற்று முன்னர் சொன்னேனே, அந்த வகுப்பை நினைவுகூருங்கள். 12 என்பது 24-இல் சரிபாதி. முதல் குற்றம் பதிவானவுடன் அந்த வகுப்பில் சேர்ந்து தேறியிருந்தால் 12 என்பது 8 ஆகியிருக்கும். பிறகு வந்த 12-ஐக் கூட்டினாலும் 20 தான். உரிமம் நின்றிருக்காது. பத்து மாதமாக அந்த வாசல் திறந்தே இருந்தது. பொய்ப் பெயர், பேரம், சிபாரிசு எதுவும் தேவைப்படாத வாசல் அது. அந்த இளைஞரோ, அவருடன் வேலை செய்தோரோ, ஏன், நானோகூட அதை அவருக்குச் சொல்லவில்லை. என்னிடம் அவர் முன்பே வரவில்லை என்பது உண்மை. நானும் முன்பே இந்த மண்டபத்தில் இதைப் பேசவில்லை என்பதும் உண்மை.

ஆகையால் இன்றிரவு பிள்ளை வேலையிலிருந்து திரும்பியதும், கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: "உன் கணக்கில் எத்தனை புள்ளி இருக்கிறது?" பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் சொல்வதில்லை. அபராதம் கட்டிய சீட்டைத் தலையணைக்கு அடியில் மறைத்துவிடுவார்கள். 12 அல்லது அதற்கு மேல் என்றால் வகுப்பைப் பற்றி உடனே விசாரிக்கச் சொல்லுங்கள். உரிமம் பெற்று ஓராண்டு ஆகாத பிள்ளையாயின், அவருடைய வரம்பு 24 அன்று என்பதை நினைவூட்டுங்கள்.

நீதிமன்றத்துக்கு வரும்படி அறிக்கை வந்தால் அஞ்சி ஒளிய வேண்டாம். ஒளிபவருக்குக் கைதாணை வரும். சிங்கப்பூரில் தமிழ் ஓர் அதிகாரத்துவ மொழி. ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களில், ஆங்கிலம் விளங்காதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். விளங்காததற்குத் தலையாட்டுவதே நம்மவர் செய்யும் பெரிய தவறு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, "என்ன கேட்டார்கள்?" என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர்க்கு வழிகாட்டும் சமூக நீதி நிலையமும் அதே நீதிமன்றங்களில் இயங்குகிறது.

பெரியவரின் மகன் இப்பொழுது மீண்டும் வேன் ஓட்டுகிறார். தேக்காவுக்குத்தான் அன்றாடம் காய்கறி இறக்குகிறார். வண்டியை எடுக்குமுன் கைத்தொலைபேசியை அணைத்துப் பின்னிருக்கையில் வைத்துவிடுவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அப்பா அழைத்தாலும் எடுப்பதில்லையாம். பெரியவர் இதை என்னிடம் குறையாகச் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த அறிக்கைகளையோ சம்மன்களையோ கையோடு கொண்டு வந்திருப்பவர்கள், கூட்டம் கலைந்த பின் இந்த மேசைக்கு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து படிப்போம். ஒன்பது மணி வரை இங்கேதான் இருப்பேன்.